பாலாடையும் தராசும்

பல ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகளுக்குத் தலைப்பிரசவமான அன்று, செய்தி கேட்டதும் சோழவந்தான் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துசேர்ந்த எங்கள் பெரியம்மா, முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கற்கண்டைச் சிறியதொரு கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, பிரசவ அறையின் வாசலிலேயே காத்திருந்தார். குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும். குணமும் ஆயுளும் நிறைந்த பெரியவர் ஒருவர் முதல் இனிப்பை அதன் நாவில் தொட்டு வைத்தால் அந்தக் குணமே குழந்தைக்கும் வரும் என்பது அவர் பிறந்த மண்ணின் நம்பிக்கை. வெளியே வந்த செவிலிப் பெண் கிண்ணத்தைப் பார்த்ததும், "பாட்டி, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். "நான் வளர்க்காத பிள்ளையா அம்மா?" என்று பெரியம்மா கேட்டது அவள் காதில் விழுந்திருக்காது, எனக்கு விழுந்தது.

பெரியம்மா ஒன்பது பிள்ளை பெற்றவர். ஆறு பேரை ஆளாக்கியவர். இடையில் குறையும் மூன்றைப் பற்றி அவர் பேசி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. அன்று பிற்பகல், ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் அவர் சொன்னார்: ஒன்று பிறந்த எட்டாம் நாள் வாய் கட்டி, மார்க்காம்பைப் பற்ற இயலாமல், உடல் வில்லாய் வளைந்து போயிற்று, ஒன்று எட்டு மாதத்தில் வயிற்றாலை கண்டு ஒன்றரை நாளில் துவண்டு போயிற்று, ஒன்று மாதம் முதிராமல் பிறந்து மூன்றாம் நாள் விடியலில் குளிர்ந்து கிடந்தது. இந்த மூன்று மரணங்களும் இன்று பெரும்பாலும் தடுக்கத் தக்கவை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அதே சமயத்தில், மற்ற ஆறு பேரையும் அவர் வளர்த்த முறையில், இன்றைய வைத்திய சாஸ்திரம் சுற்றி வந்து ஒப்புக்கொண்டிருக்கும் நுட்பங்கள் பல இருந்தன என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டுப் பெரியவர்களின் வழக்கங்களை மூடநம்பிக்கையென்று மொத்தமாக ஒதுக்குவதும், பாட்டி வைத்தியமென்று மொத்தமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் இரு வழிகளே; ஒவ்வொரு வழக்கத்தையும் தனித்தனியே எடுத்து, அது தாயின் உடலிலும் சிசுவின் உடலிலும் என்ன செய்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதே பிள்ளையை நேசிப்பவர்கள் செய்யத் தக்கது என்பது என் அபிப்பிராயம்.

கர்ப்பத்திலிருந்தே தொடங்குவோம். நாள் தள்ளிப்போய், மசக்கை கண்டு, வீட்டாருக்குத் தெரிந்த பிறகே கர்ப்பிணிக்குரிய கவனிப்புத் தொடங்குவது நம் வழக்கம். ஆனால் கரு உண்டான ஏறத்தாழ 28 நாட்களுக்குள், அதாவது பல ஸ்திரீகள் தாம் உண்டாகியிருப்பதை நிச்சயமாக அறிவதற்கு முன்பே, சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமாகிய நரம்புக் குழல் மூடிக்கொண்டுவிடுகிறது. அது சரிவர மூடாமற்போனால் பிறவியிலேயே முதுகெலும்பிலோ மண்டையிலோ பெருங்குறை நேரிடுகிறது. ஃபோலிக் அமிலம் என்னும் சத்து உடலில் போதுமான அளவு இருப்பின் இந்தக் குறைகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆகவே குழந்தை வேண்டும் என்று தம்பதிகள் தீர்மானிக்கும்போதே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவுள்ள அந்தச் சிறு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள்.

இந்தச் சத்து உலகத்துக்குத் தெரியவந்த வரலாற்றில் நம் நாட்டு ஏழைத் தாய்மாருக்குப் பெரும் பங்குண்டு. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளைப் பீடித்திருந்த கொடிய சோகையை ஆராயத் தொடங்கினார். மற்ற மருந்துகளுக்கு இணங்காத அந்நோய், ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மலிவான சாரம் ஒன்றை உண்ணக் கொடுத்தபோது வியக்கத் தக்க விதத்தில் தீர்ந்தது. தீர்த்த பொருள் இன்னதென்று அறியாமல் அதனை அவர் பெயராலேயே நெடுநாள் குறிப்பிட்டு வந்தார்கள். பின்னர் 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பிள்ளைத்தாச்சிக்கு நாள் தவறாமல் கீரை கடைந்து போட்ட நம் பாட்டிமார் பெயர் அறியாமலே பரிமாறியது இந்தப் பொருளைத்தான். கீரையை நெடுநேரம் வேகவைத்தால் அந்தச் சத்தில் பெரும்பங்கு அழிந்துபோகும் என்பதையும், கீரை மட்டும் மாத்திரைக்கு ஈடாகாது என்பதையும் இதனுடன் சேர்த்து நினைவிற்கொள்ள வேண்டும்.

இரத்தச் சோகையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றவர்கள். பிரசவத்தில் ஏற்படும் இரத்த இழப்பை நல்ல இரத்தமுள்ள பெண் தாங்கிக்கொள்வாள். சோகையுற்றவளுக்கு அதே இழப்பு உயிருக்கே உலையாகும். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் உட்கொண்டு, பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம் தொடர வேண்டும். அதனை உண்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லிச் சாக்கடையில் போடச் செய்த மாமியார்களை நான் அறிவேன். குங்குமப்பூ குடித்தால் சிவப்பாகப் பிறக்கும் என்பதும் அதே பேதைமையின் மறுபக்கந்தான். குழந்தையின் நிறம் பெற்றோர் வழியாக வருவது. மாத்திரையால் கறுப்பது தாயின் மலம் மட்டுமே, அதனால் தீங்கொன்றும் இல்லை. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ உட்கொண்டால் நன்கு சுவறும். காப்பி, தேநீருடன் உட்கொண்டால் பெரும்பகுதி வீணாகும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் சேர்த்து விழுங்காமல் வேறொரு பொழுதுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கர்ப்பிணி இரண்டு உயிருக்காகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி இரட்டைப் பங்கு சோற்றைப் போடும் வீடுகளும் உண்டு; பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் சிரமமாகும் என்று அஞ்சி வயிற்றைக் காயப்போடும் வீடுகளும் உண்டு. வழக்கமான ஆகாரத்துக்குமேல் நாளொன்றுக்கு இன்னுமொரு சிற்றுண்டியளவு, அதாவது சுமார் 350 கலோரி இருந்தால் போதும். அந்த அதிகம் சோறாக இராமல் பருப்பும், முட்டையும், பாலும், மீனும், பழமுமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். சர்க்கரை வியாதி நம்மவரிடையே பெருகிவிட்ட இக்காலத்தில் கர்ப்ப காலத்திலேயே அதனைக் கண்டறிவது அவசியம். வெறும் வயிற்றோடு வந்து நாள் முழுதும் காத்திருக்க ஏழைப் பெண்களால் இயலாது என்பதை உணர்ந்த சென்னை மருத்துவர் வீ. சேஷையா, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கும் எளிய முறையை வலியுறுத்தி, அதனை நாடெங்கும் நிலைபெறச் செய்தார். நோயாளியின் நிலையிலிருந்து யோசித்த இத்தகைய மருத்துவர்களை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

வளைகாப்பு என்ற சடங்கை நான் மிகவும் விரும்புகிறேன். ஏழாம் மாத வாக்கில், தாய்வீட்டாரும் உற்றாரும் கூடிக் கண்ணாடி வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கிளறிப் போட்டு, பெண்ணை ஓய்வுக்கு அழைத்துச் செல்லும் அவ்வழக்கத்தில், உழைத்துக் களைத்த பெண்ணுக்குச் சமூகமே அளிக்கும் விடுமுறை அடங்கியிருக்கிறது. அந்தப் பருவத்தில் சிசுவின் செவி திறந்து ஓசைகளுக்கு அது அசைந்துகொடுக்கத் தொடங்கியிருக்கும் என்பதால், வளையோசையைப் பிள்ளை கேட்கும் என்று பெரியவர்கள் சொன்னதும் வெறும் கற்பனையன்று. ஆனால் தாய்வீடு செல்லும் பெண், தன் பரிசோதனை அட்டையையும் மாத்திரைகளையும் பெட்டியில் முதலில் எடுத்து வைக்க வேண்டும். போன ஊரின் கிராம சுகாதார செவிலியிடம் அதனைக் காட்டிவிட வேண்டும். தீராத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், கடுங்காய்ச்சல், சிசுவின் துடிப்புக் குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் நல்ல நேரம் பார்க்காமல், விடியட்டும் என்று காத்திராமல், 108-க்குச் சொல்லிப் புறப்பட்டுவிட வேண்டும். முதலில் சொன்ன மூன்றும் இரத்த அழுத்தம் ஏறியிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். அடுத்தபடியாக வருவது வலிப்பு.

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில்தான் நடைபெறுகின்றன. 1844-இல் சென்னையில் பிரசவத்துக்கென ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டு, பின்னர் எழும்பூருக்கு மாறி, லட்சுமணசாமி முதலியார் போன்ற மேதைகள் பணிபுரிந்த இடமாக விளங்கிய காலத்திலிருந்து, முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வழங்கப்படும் இன்றுவரை நாம் கடந்து வந்த தூரம் பெரிது. ஆயினும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெற்றுவிட்டு, வீட்டுத் திண்ணையில் தவறு செய்வது இன்னும் நிற்கவில்லை.

அந்தத் தவறுகளில் முதலாவது, பெரியம்மா கையில் ஏந்தி நின்ற கிண்ணம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சிசுவைத் தாயின் மார்பில் அணைத்துவிட வேண்டும். அப்போது சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால், பழம்பால் என்று பீய்ச்சி எறியப்பட வேண்டியதன்று, தாய் தன் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கு எதிராகத் தன் உடலில் சேர்த்து வைத்த காப்புப் பொருள்களின் சாரம் அது. அது சில துளிகளே சுரக்கிறதே, பிள்ளைக்குப் பசி அடங்குமா என்று கவலைப்படுவார்கள். முதல் நாளில் சிசு ஒரு தடவைக்கு உட்கொள்ளக் கூடியதே சில மில்லிதான். அது சப்பச் சப்பத்தான் மூன்றாம் நாள் வாக்கில் பால் பெருகி வரும். இடையில் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினால், வயிறு நிறைந்த பிள்ளை சப்ப மறுக்கும். சப்பாத மார்பில் பால் ஊறாது. ஊறவில்லையென்று டப்பாப் பால் வாங்குவார்கள். தேனைத் தடவுவது இன்னும் ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில், தேனிலுள்ள ஒருவகைக் கிருமி வித்து முளைத்து நஞ்சைக் கக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யக் கூடும் என்பது 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் முதன்முதல் இனங்காணப்பட்டதிலிருந்து உலகறிந்த உண்மை. கழுதைப்பாலும், வசம்பு உரைத்த உரை மருந்தும், கோடைக்குத் தண்ணீரும், ஆறு மாதம் முடியும்வரை எதுவுமே வேண்டாம். வெய்யில் கொளுத்தும் சித்திரையிலும் தாய்ப்பாலிலுள்ள நீரே பிள்ளைக்குப் போதும். நீர் நிறையக் குடிக்க வேண்டியவள் தாய்.

எட்டாம் நாள் வாய் கட்டி இறந்த பெரியம்மாவின் பிள்ளைக்கு வந்தது செய்வினையன்று. தொப்புள் கொடியை அறுத்த அரிவாளின் வழியாகவோ, அறுத்த இடத்தில் வைத்த சாம்பல் வழியாகவோ புகுந்த ரண ஜன்னிக் கிருமி அது. கர்ப்பிணிக்கு ஒரு மாத இடைவெளியில் போடப்படும் இரண்டு தடுப்பூசிகளும், கொதிக்கவைத்த கத்தரிக்கோலும், சோப்பினால் கழுவிய கையும் சேர்ந்து அந்த எட்டாம் நாள் நோயை ஏறக்குறைய விரட்டிவிட்டன; 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்நோய் ஒழிக்கப்பட்ட நிலையை அடைந்துவிட்டதென அறிவித்தது. கொடி விழும்வரை அதன்மீது எண்ணெயோ, மஞ்சளோ, திருநீறோ படாமல், உலர்ந்து கிடக்க விடுவதே மருந்து.

மாதம் முதிராத பிள்ளையின் கதை வேறு. அது நோயால் இறக்கவில்லை, குளிரால் இறந்தது. கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் 1978-ஆம் ஆண்டு வாக்கில், வெப்பப் பெட்டிகள் போதாமல் குறைமாதச் சிசுக்கள் ஒரே பெட்டியில் இரண்டு மூன்றாகக் கிடந்து நோய் பற்றி இறப்பதைக் கண்டு வருந்திய எட்கர் ரே என்னும் மருத்துவர், கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப்போல், தாயின் வெற்று மார்பில் சிசுவை நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடும் முறையைக் கைக்கொண்டார். தாயின் உடற்சூடு பிள்ளைக்கு ஏறுகிறது. அவளுடைய இதயத் துடிப்பைக் கேட்டு அதன் மூச்சுச் சீராகிறது. மார்பு அருகிலிருப்பதால் பாலும் கிடைக்கிறது. வறுமை காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்ட இம்முறை செல்வ நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்கும் சென்றது. இந்தியாவையும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கையும் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், ஒன்று முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள சிசுக்களைப் பிறந்தவுடனேயே இவ்விதம் அணைத்து வைத்துச் செய்த ஆராய்ச்சியில், முதல் மாதத்து மரணம் கால் பங்கு குறைந்ததென 2021-இல் வெளியிட்டார்கள். தாய்க்கு முடியாத வேளையில் தகப்பனும் இதைச் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

இங்கேதான் பெரியம்மாவின் கைக்கு வேலை வருகிறது. அவர் வீட்டில் பித்தளைப் பாலாடை ஒன்று இருந்தது. சப்பத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலை அதன் நீண்ட மூக்கின் வழியே சிறிது சிறிதாக, பிள்ளை விழுங்க விழுங்கக் காத்திருந்து, புரையேறாமல் புகட்டும் சாமர்த்தியம் அவருக்குக் கைவந்த கலை. பால் புட்டிகளின் ரப்பர்க் காம்பில் கிருமி தங்குமென்றும், புட்டியில் பழகிய பிள்ளை மார்பை மறுக்குமென்றும் கண்ட மருத்துவர்கள், இன்று நம் நாட்டுச் சிசுப் பராமரிப்புப் பிரிவுகளில் இந்தப் பாலாடையையே கொதிநீரில் சுத்தம் செய்து உபயோகிக்கிறார்கள். தமக்கையின் பேரன் மாதம் முந்திப் பிறந்தவன். சப்பிக் களைத்துத் தூங்கிவிடுவான். கற்கண்டுக் கிண்ணத்தைப் பார்த்துத் தடுத்த அதே செவிலிப் பெண், அன்று மாலை ஓர் எவர்சில்வர் பாலாடையை நீட்டி, "பாட்டி, உங்களுக்கு இது வருமா?" என்று கேட்டபோது பெரியம்மாவின் முகத்தில் வந்த ஒளியை நான் மறக்கவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அப்படியே. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தித் தேங்காயெண்ணெய் பூசி மென்மையாக நீவிவிடுவது தோலுக்கும் உறக்கத்துக்கும் நல்லது. தொடுதலினால் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே உறவு வளர்கிறது. எடை குறைந்த பிள்ளைக்கு மட்டும் வைத்தியர் சொல்லும்வரை குளியல் வேண்டாம். ஆனால் குளிப்பாட்டுகிறேன் என்று மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், உச்சிக்குழியில் எண்ணெயை வைத்து அழுத்துவதும் கொடுமை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கிச் சீதசன்னியைப் போன்ற நோயை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டாம். கண்ணுக்கு இடும் மையில் ஈயம் கலந்திருக்கலாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்தால் கண்ணேறும் கழியும், கண்ணும் பிழைக்கும். தொக்கம் எடுப்பதும், சூடு போடுவதும் எந்தக் காலத்திலும் எந்தப் பிள்ளையையும் காப்பாற்றியதில்லை. தூளியைப் பொறுத்தவரை, மெல்லிய பருத்திச் சேலையில் பெரியவர்களின் கண்பார்வையில் ஆட்டிவிடுவதில் குற்றமில்லை; ஆனால் மோவாய் மார்பில் இடிக்கும்படி பிள்ளை வளைந்து கிடக்கக் கூடாது. இரவில் நெடுநேரம் உறங்கத் தட்டையான படுக்கையே சிறந்தது. அதிலும் மல்லாந்து கிடத்த வேண்டும், தலையணைகளும் பொம்மைகளும் முகத்தருகே இருத்தல் ஆகாது.

பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடு பெற்றவளை மறந்துவிடுகிறது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு வைப்பதும், ரசமும் சுட்ட அப்பளமுமே பத்தியம் என்று காய்கறியையும் பருப்பையும் மறுப்பதும் பாலையும் இரத்தத்தையும் ஒருங்கே வற்றச் செய்யும் செயல்கள். பூண்டும் சுறாப் புட்டும் தாராளமாகப் போடும் வீட்டு மருமகள் பாக்கியசாலி. மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரணமின்றி அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மறுக்கிறாள், உறக்கமில்லை, தன்னால் ஒன்றும் ஆகாது என்கிறாள் என்றால், கொழுப்பு என்றோ காற்றுக் கருப்பு என்றோ பேசுவது பாவம். பிள்ளை பெற்ற பெண்களில் உலகெங்கும் நூற்றுக்குப் பதின்மூவர் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் இது இன்னும் அதிகம். முதல் வாரத்து அழுகை தானே அடங்கும். இரண்டு வாரங்களுக்குமேல் நீடிப்பது வைத்தியத்தால் தீரும் நோய். பொறுத்துக்கொள்ளச் சொல்வதால் தீராது.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலிலுள்ள இரும்புச்சத்துப் பிள்ளையின் வளர்ச்சிக்குப் போதாமற்போகிறது. அன்னப்பிராசனம் என்று முன்னோர் நாள் குறித்தது மிகப் பொருத்தமான பருவத்தில்தான். அன்று ஊட்டிய ஒரு வாய்ச் சோற்றோடு நிறுத்திவிட்டு, ஒரு வயது வரை பாலிலேயே ஓட்டுவதுதான் பிழை. நீர்த்த கஞ்சித் தெளிவும், பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாகக் குழைத்த பருப்புச் சாதமும், ஒரு துளி நெய்யும், கேழ்வரகுக் கூழும், மசித்த வாழைப்பழமும், பின்னர் முட்டையும் மீனுமாகப் படிப்படியே பழக்க வேண்டும். முதலில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை. ஒன்பதாம் மாதத்துக்குமேல் மூன்று நான்கு தடவை. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்குமேலும் தொடரலாம். உப்பும் சர்க்கரையும் முதல் வருஷத்தில் தேவையில்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்கு வைக்கும் வீடுகளைக் கண்டு நான் கோபப்பட்டிருக்கிறேன். இன்றும் அந்தக் கோபம் போகவில்லை. முழு நிலக்கடலை, பட்டாணி, திராட்சை போன்றவை மூச்சுக்குழலில் சிக்கிக் கணத்தில் உயிர் குடிப்பவை என்பதால் ஐந்து வயது வரை அவற்றை அப்படியே கையில் கொடுக்கலாகாது.

இனிப் பெரியம்மாவின் இரண்டாவது இழப்பு. வயிற்றாலை கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் காட்டினால் இன்னும் போகும் என்று அவருடைய மாமியார் சொல்லிவிட்டாராம், பாலையும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளை நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீர் கேட்டதை அறுபது வருஷம் கழித்தும் அவர் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பேதியில் பிள்ளை இறப்பது நீரும் உப்பும் உடலிலிருந்து வெளியேறுவதால். ஆகவே போனதைப் போனபடி திரும்பக் கொடுப்பதே சிகிச்சை. வெறும் தண்ணீரைக் குடல் அப்போது சரிவர ஏற்காது. சிறிது சர்க்கரை சேர்ந்தால் அது உப்பையும் நீரையும் கூட இழுத்துக்கொண்டு இரத்தத்தில் சேர்கிறது. 1971-இல் வங்காளத்தில் போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள் பன்காவ் முகாமில் காலராவால் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்ட நிலையில், திலீப் மஹாலனபிஸ் என்னும் மருத்துவர், குளுக்கோஸையும் சமையல் உப்பையும் சோடா உப்பையும் கலந்து பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினரையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-இல் காலமான அவருக்கு மறு வருஷம் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. எத்தனை கோடிக் குழந்தைகளுக்கு அவர் உயிரளித்தவர் என்பதை நினைத்தால் விருதெல்லாம் சிறிதாகத் தோன்றுகிறது.

அந்தக் கரைசல் இன்று சிறு பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவும் மருந்துக் கடைகளில் சில்லறைக் காசுக்கும் கிடைக்கிறது. உறையில் குறித்த அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கரைத்து, பேதியான ஒவ்வொரு தடவையும் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மீண்டும் ஊட்ட வேண்டும். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்; உப்புக் கூடிவிடாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உப்பிட்ட கஞ்சி கொடுத்த பாட்டிகள் சரியாகவே செய்தார்கள். பாலையும் ஆகாரத்தையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாள் கொடுத்தால் பேதி விரைவில் நிற்பதோடு, அடுத்துச் சில மாதங்களுக்கு மறுபடி வருவதும் குறைகிறது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், துவண்டு, குடிக்கவும் மறுக்கும் பிள்ளையைக் கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். கடைகளில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் இந்தக் கரைசல் ஆகமாட்டா. அவற்றின் மிகுந்த சர்க்கரை பேதியை அதிகமாக்கும்.

தடுப்பூசிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பிறந்த அன்று, ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில், ஒன்பதாம் மாதத்தில், ஒன்றரை வயதில் என்று அட்டையில் குறித்திருக்கிறது; குறித்தபடி போட்டால் போதும். 2011 ஜனவரிக்குப்பின் நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளைவாதக் கிருமி ஒரு பிள்ளையையும் முடமாக்கவில்லை என்பதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பிள்ளையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் கவனிப்பது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமையென்று நினைப்பவர்கள் நம் பிள்ளைத்தமிழ் நூல்களின் அமைப்பை நோக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி. பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வரும் வருகை. அதன்பின் நிலவை அழைக்கும் அம்புலி. இன்றைய குழந்தை மருத்துவர் தம் அட்டவணையில் தேடுவதும் ஏறக்குறைய இவற்றையே. நாலு மாதமாகியும் தலை நிற்காத, ஒன்பது மாதமாகியும் உட்காராத, ஒன்றரை வயதாகியும் நடக்காத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை, தகப்பனும் லேட்டாகத்தான் நடந்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சில குறைகள் முன்னமே தெரிந்தால் பெருமளவு சீராகின்றன. காது கேளாமை அவற்றில் முக்கியமானது. அம்புலி காட்டிச் சோறூட்டிய தாயும் பிள்ளையும் ஒன்றையே பார்த்தார்கள், ஒன்றைப் பற்றியே பேசினார்கள்; மொழி முளைத்தது அந்தப் பேச்சில்தான். கைபேசியைக் காட்டிச் சோறூட்டும்போது பிள்ளை எதையோ பார்க்கிறது, தாய் எதையோ பார்க்கிறாள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது. நிலவுக்கு இன்னும் கட்டணம் விதிக்கப்படவில்லை. மொட்டை மாடிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பெரியம்மா இப்போது இல்லை. மூன்றாம் நாளோடு குளிர்ந்துபோகாமல் அவருடைய பாலாடையில் வளர்ந்த அந்தப் பேரனுக்குச் சென்ற ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. சேனை வைக்க யாரும் கிண்ணம் ஏந்தவில்லை, தாய் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் அணைத்துவிட்டாள். கைக்குழந்தையோ நடை பழகும் பிள்ளையோ இருக்கும் வீட்டில் இதைப் படிக்கும் பெரியவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று கடைத்தெருவுக்குப் போகும்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு வாங்கி வந்து, நள்ளிரவிலும் கைக்கு எட்டும்படி அஞ்சறைப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள். பரணில் பழைய பாலாடை கிடந்தால் அதை இறக்கித் தேய்த்துக் கொதிக்கவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.